ஜப்பானியரின் அன்றாட வழக்கங்கள் சில
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஜப்பான் சென்று மீளும் நம்மவர், 1964-ஆம் ஆண்டு முதல் அங்கு ஓடும் ஷின்கான்சென் விரைவு வண்டியையும் செர்ரி மலர்களையுமே வியந்து பேசுகின்றனர். அந்நாட்டார் வீட்டு வாயிலிலும் குளியலறையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒழுகும் முறை அவர்தம் கண்ணிற் படுவது அரிது. அதனைக் குறித்தே சில சொல்ல விழைகின்றேன்.

மிதியடியை வாயிலிற் கழற்றுதல் நமக்குப் புதிதன்று. ஆயின், ஜப்பானியர் வீட்டில் 'கென்கான்' எனப்படும் வாயிலிடம் உள்ளறையினும் ஒருபடி தாழ்ந்திருக்கும். தெருப்புழுதி அவ்வெல்லையைக் கடத்தலாகாது. கழற்றிய மிதியடியைத் தெருவை நோக்குமாறு திருப்பி வைப்பர். வீட்டினுள் அணியும் செருப்பையும் 'தாதாமி' என்னும் பாய் பரப்பிய அறையின் முன் கழற்றிவிட வேண்டும். கழிப்பறைக்கெனத் தனிச் செருப்புண்டு; அதனோடு கூடத்துக்கு வந்துவிடும் விருந்தினரும் உளர். வீட்டார் நகைப்பை அடக்கிக்கொள்வர்.

குளியல் முறையும் அறியத்தக்கது. தொட்டியிலுள்ள வெந்நீர் அழுக்குப் போக்குவதற்கன்று. புறத்தே அமர்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிய பின்னரே அதில் இறங்குவர். அந்நீரிலேயே வீட்டார் ஒருவர்பின் ஒருவராக இறங்குவராதலின், முன்னவர் பின்னவரை எண்ணியே நடந்துகொள்கின்றனர்.

நிற்க. ஆசிரியனாகிய என்னைப் பெரிதும் கவர்ந்தது பள்ளிக்கூடத்துச் 'சோஜி' ஆகும். துப்புரவு செய்தல் என்பது அதன் பொருள். பெரும்பாலான பள்ளிகளில் மாணாக்கர் அதற்கென 15 அல்லது 20 நிமிடம் ஒதுக்குகின்றனர். மேசை நாற்காலிகளை ஒருபுறம் தள்ளிப் பெருக்குவர். ஈரத்துணியை இரு கையாலும் தரையில் அழுத்திக் குனிந்தபடியே ஓடித் துடைப்பர். பல பள்ளிகளிற் கழிப்பறையும் அவர்தம் முறையில் அடங்கும். பெரிய பிள்ளைகள் சிறியோர்க்குக் கற்பிப்பர். ஆசிரியரும் உடனிருந்து செய்வர். தொடக்கப்பள்ளிகளில் நண்பகலுணவை முறைக்காரச் சிறுவரே வெண்ணிற மேலாடையும் தொப்பியும் அணிந்து பரிமாற, ஆசிரியரும் அவ்வகுப்பிலேயே அவ்வுணவையே உண்பர். 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தில், ஆட்டம் முடிந்ததும் ஜப்பானியப் பார்வையாளர் குப்பையைத் திரட்டியது கண்டு உலகம் வியந்தது. சோஜியிற் பழகிய கைகளுக்கு அஃதொரு பெருஞ்செயலாகத் தோன்றியிராது.

இதனால் அந்நாட்டிற் பிறப்பு வேற்றுமையே இல்லையென்று கொள்ளற்க. தோல் பதனிடுதல், விலங்கறுத்தல் முதலிய தொழில்களைச் செய்தோரை அங்கும் தீட்டுடையராக ஒதுக்கினர். 1871-இல் அரசாணை அவ்விழிபெயர்களை நீக்கியது, வழக்கமோ நீங்கவில்லை. 1922-இல் அம்மக்களே கியோட்டோவிற் கூடிச் 'சுயிஹெய்ஷா' என்னும் சமத்துவச் சங்கத்தை நிறுவினர். அவர்தம் குடியிருப்புகளின் பெயர்ப்பட்டியலொன்று வேலை தரும் நிறுவனங்களுக்கு மறைவாக விற்கப்பட்டமை 1975-இல் வெளிப்பட்டது. மணம் பேசுங்காற் பூர்விக ஊரைத் துருவுதலும் உண்டு. இவ்வொதுக்கலை ஒழிக்கவென 2016-இலும் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பள்ளியில் துடைப்பம் ஏந்திய கையே இதனையும் செய்தது என்பதை மறைத்து அந்நாட்டைப் புகழ எனக்கு மனமில்லை. ஆயினும், தன் அழுக்கைத் தான் துடைக்கப் பழகிய சிறுவனுக்கு அத்தொழில் இழிவென்று சொல்லிக்கொடுப்பது சற்றுக் கடினமே என்று கருதுகின்றேன்.

அன்பர்களே! நம் சங்க மாணவர் விடுதியின் கழிப்பறையைத் துப்புரவு செய்ய வருவோர் எத்தெருவிலிருந்து வருகின்றனர் என்பதை இங்குள்ளோர் யாவரும் அறிவோம். விடுதி மாணவரும் காப்பாளரும் முறைவைத்து அப்பணியைத் தாமே செய்ய வேண்டுமென்றும், இதுவரை அதனைச் செய்துவந்தோர்க்கு விடுதியிலேயே வேறு வேலை தந்து ஊதியம் குறையாது காக்க வேண்டுமென்றும், அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் காரியதரிசியவர்களிடம் கொடுத்திருக்கின்றேன். தம் பிள்ளைகள் துடைப்பம் எடுத்தலாகாது என்னும் பெற்றோர் அன்று அவசியம் வந்திருந்து, தம் காரணத்தைச் சபையிற் கூறுமாறு வேண்டிக்கொள்ளுகின்றேன்.