இதய மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது



நான் டாக்டர் இல்லை. பத்தாவது படித்த குடும்பப் பெண். என் மாமியாருக்கு இதயம் பலவீனம். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது நான்தான். டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்று போவது இல்லை. ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்து போவது. நடந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அப்போது உடம்பு அட்ரினலினைச் சுரந்து இதயத்தை வேகமாக ஓட்டும். இளைத்த மாட்டைச் சாட்டையால் அடிக்கிற மாதிரிதான். கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் இன்னும் இளைச்சுப் போகும். பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்தச் சாட்டையைத் தடுக்குது. துடிப்பு நிதானமாகி, மாதக்கணக்கில் பலருக்கு இதயம் தேறி வருது.

முன்பெல்லாம் பலவீன இதயத்துக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் டாக்டர்கள் நினைத்தார்களாம். 1975-ல் சுவீடன் நாட்டு டாக்டர்கள் 7 நோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதினார்கள். 1999-ல் பிசோபிரோலால், மெட்டோபிரோலால் மாத்திரைகளை ஆயிரக்கணக்கான பேரிடம் சோதித்த இரண்டு ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. கார்வெடிலாலும் இப்படிப் பலன் தருவதுதான். இதே குடும்பத்து மாத்திரை எல்லாமே இதற்கு ஆகாது. அதனால பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடாதீங்க.

சின்ன அளவில் ஆரம்பித்து, உடம்பு தாங்குவதைப் பார்த்துத்தான் டாக்டர் கூட்டுவார். முதல் சில வாரம் அசதி, தலைச்சுற்றல் வரலாம். என் மாமியாருக்கும் வந்தது. "இந்த மாத்திரைதான் ஆளைக் கவுக்குது, நிறுத்திடு"ன்னு தெருவே சொல்லுச்சு. டாக்டரைக் கேட்டோம். அளவைக் கூட்டாமல் இன்னும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். அசதி விட்டது. இப்போது அவரே குடத்தில் தண்ணீர் எடுக்கிறார். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடத்து, ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேருதுன்னு அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை வந்தால் கவனியுங்கள்.

நம்மில் பலர் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், குழுவுக்குத் தவணை கட்டணும்னு முதலில் நிறுத்துவது நம்ம மாத்திரையைத்தான். அது வேண்டாம். சேமிப்பு வாங்குகிற அன்றே, "மாத்திரை இருக்கா?"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்போம். வாங்கக் காசு இல்லை என்றால் உள்கடன் கொடுப்போம். கடனைப் பிறகு கட்டிக்கலாம், உயிர் போனா வராது.