நாற்பத்திரண்டு வயதில் எல் போர்ட்

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் நடைபெற்ற நலன்புரிக் கூட்டத்தில், லொறிச் சாரதியாகத் தொழில் புரியும் அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இருந்தாலும், போன மாதம் மேட்டு லயத்துத் தம்பி ஒருவர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "மாமா, எனக்கு இப்ப நாப்பத்தொண்ணு. கவ்வாத்துக் கத்தி பிடிச்சுக் கை காய்ச்சுப் போச்சு. இனிமே லொறி பழகினா சரி வருமா, இல்ல சனம் சிரிக்குமா?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்ல வந்திருக்கிறேன். சரி வரும். ஆனால் படி தாண்டிக் குதித்தால் சரி வராது.

நான் பிறந்தது 1968ஆம் வருஷம். 1986இல் தோட்டத்தில் பேர் பதிந்தேன். புல்லு வெட்டினேன், கவ்வாத்து வெட்டினேன், ஸ்டோரில் கொழுந்து வாட்டினேன். 1994இல் தோட்டத்து லொறிக்கு உதவியாளாகப் போட்டார்கள். கொழுந்துச் சாக்கு ஏற்றுவது, இறக்குவது, சில்லுக்குக் கல் வைப்பது, பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்துவது, இதுதான் வேலை. பல வருஷம் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பாதையில் உள்ள வளைவெல்லாம் மனப்பாடம். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

இளவயதில் ஏன் பழகவில்லை என்று பிள்ளைகள் கேட்பீர்கள். லைசென்ஸ் எடுக்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். 1948ஆம் வருஷச் சட்டத்தால் நம்முடைய சனம் நாடற்றவர்களாகிப் போன கதை உங்களுக்குத் தெரியும். 1964 ஒப்பந்தம் வந்தது, 1988இல் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் எங்கள் வீட்டுக் காகிதங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இழுபட்டுக்கொண்டே இருந்தன. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகுதான் என் கையில் அட்டை கிடைத்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. ஆகவே நடுவயதில் தொழில் தொடங்குகிறவனைப் பார்த்து, "இத்தனை நாள் என்ன செஞ்சான்?" என்று யாரும் கேட்க வேண்டாம். சிலருக்கு வாசல் திறந்ததே அப்போதுதான்.

நம்முடைய பாட்டன்மார் காலத்தில் தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் போயின. 1924இல் பதுளைக்கு ரயில் வந்த பிறகு ரயிலில் போயின. இப்போது லொறியில் போகின்றன. பெட்டியானாலும் சாக்கானாலும் அதைத் தூக்கி ஏற்றியது நம்முடைய தோள்தான். ஏற்றுகிற கையே ஓட்டுகிற கையாகவும் வரட்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன்.

இனி, படிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, வைத்தியப் பரிசோதனை. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். நாற்பது வயதில் அதற்குப் பயப்பட வேண்டாம், அது நமக்கு நல்லது. எனக்குக் கிட்டப் பார்வை மங்கியிருந்ததே அங்கு போனபோதுதான் தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டேன். பிரஷர், சீனி வருத்தம் உள்ளவர்கள் மறைக்காதீர்கள். மலைப் பாதையில் ஒரு நிமிஷம் தலை சுற்றினால் போதும்.

இரண்டாவது, எழுத்துப் பரீட்சை. அதைத் தமிழில் எழுதலாம். 40 கேள்விகள், 30 சரியாக இருக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வீதிச் சின்னங்களை என் மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. இரவில் லாம்பு வெளிச்சத்தில் படம் படமாகக் காட்டி, "இது என்ன அப்பா?" என்று கேட்பாள். பிழையாகச் சொன்னால் கன்னத்தைக் கிள்ளுவாள். முதல் தடவை 26 தான் வந்தது. அன்றைக்கு லயத்தில் ரெண்டு பேர் சிரித்தது உண்மை. இரண்டாம் தடவை பாஸ். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். படித்த பிள்ளை அப்பனுக்கும் உதவும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

மூன்றாவது, இலகு வாகன லைசென்ஸ். எழுத்துப் பரீட்சை பாஸாகி மூன்று மாதம் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்குப் போகலாம். 2010இல், நாற்பத்திரண்டு வயதில், எல் போர்ட் மாட்டிப் பழகி, பீ வகை எடுத்தேன். அதில் மொத்தப் பாரம் 3,500 கிலோ வரையுள்ள வாகனம் ஓட்டலாம். பெரிய லொறிக்கு உடனே போக முடியாது. இலகு வாகன லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷம் ஆக வேண்டும். அதன் பிறகு சீ 1 வகை, அது 17,000 கிலோ வரை. அதற்கு மேலே போனால் சீ வகை. பாரவாகன லைசென்ஸை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வைத்தியப் பரிசோதனையோடு புதுப்பிக்க வேண்டும்.

அந்த இரண்டு வருஷத்தை வீணாக்காதீர்கள். நான் தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமையும் போயா தினத்திலும் ஒரு சின்ன லொறியில் மரக்கறி ஏற்றி, வெலிமடைப் பக்கம் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய் வந்தேன். கூலி சொற்பம். ஆனால் பாரம் ஏற்றிய வண்டி எப்படி இழுக்கும், எப்படி ஆடும் என்பதை அங்குதான் படித்தேன். 2013இல் பாரவாகன லைசென்ஸ் கிடைத்தது. அப்போதுதான் தோட்ட வேலையிலிருந்து விலகினேன்.

தாய்மாரே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். வேலையை விடுகிறவர் கோபத்திலோ அவசரத்திலோ விடக்கூடாது. 1983ஆம் வருஷப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருஷம் முடித்த தொழிலாளிக்கு, தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். நான் 27 வருஷம் வேலை செய்தேன். 378 நாள் சம்பளம் கிடைத்தது. எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொண்டதால்தான் அது சிக்கலில்லாமல் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கொழும்புக்குப் போய்விட்டு, பிறகு வந்து கேட்பவர்கள் படுகிற பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேமலாப நிதி அப்படியே இருக்கும். ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம்.

அடுத்தது வீடு. லயத்துக் காம்பரா வேலையோடு கட்டிய பொருளாகத்தான் இருந்து வந்திருக்கிறது. ஆகவே விலகுவதற்கு முன்பு ஆபிசிலும், நலன்புரி உத்தியோகத்தரிடமும் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எங்கள் வீட்டில் என் மனைவி கொழுந்து வேலையை விடவில்லை. நான் லொறிக்காரன் ஆனேன் என்று ஊர் சொல்கிறது. ஆனால் அந்த மூன்று வருஷமும், அதற்குப் பிறகும், காலையில் பெரட்டுக்குப் போய் வீட்டைத் தாங்கியவள் அவள்தான். இதைச் சபையில் சொல்லாவிட்டால் நான் நன்றி கெட்டவன்.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். முதலில் வேலை கொடுத்த முதலாளி, "சேமலாப நிதி எல்லாம் எதுக்கு? கையில கொஞ்சம் கூடத் தாறேன்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். ஒரு வருஷம் அப்படியே போனது. அந்த வருஷத்துக்கு என் கணக்கில் ஒரு சதமும் இல்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் தனியாகக் கட்ட வேண்டும். கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

இனித் தொழிலைப் பற்றிக் கொஞ்சம்.

நம்முடைய ஊவாப் பாதைகள் விளையாட்டுப் பாதைகள் அல்ல. ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் வளைவுகள், மூடுபனி, மழைக்காலத்து மண்சரிவு எல்லாம் உங்களுக்குத் தெரியும். புதிதில் ஒரு நாள் தேயிலைச் சாக்குகளோடு அந்த இறக்கத்தில் வந்தேன். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தேன். பாதி வழியில் கருகிய வாடை வந்தது. மிதித்தால் கால் உள்ளே போகிறது, வண்டி பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, மலைப்பக்கக் கானோடு ஒட்டி ஒருவாறு நிறுத்தினேன். உதவியாள் பையன் குதித்துக் கல் வைத்தான். கை கால் நடுங்கியது. முதலாளி போனில், "ஏன் இன்னும் பெரகலை தாண்டல?" என்று ஏசினார். "பிரேக் ஆறாம நான் எடுக்க மாட்டேன்" என்றேன். ஒரு மணித்தியாலம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறக்கத்தில் வண்டியை எஞ்சின் பிடிக்க வேண்டும், பிரேக் அதற்குத் துணைதான். ஒரு மலையை எந்தக் கியரில் ஏறுவாயோ, அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். இதை என் பழைய டிரைவர் அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். பக்கத்து சீட்டில் இருந்து கேட்டபோது காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் காலில் இறங்கியது.

காற்றுப் பிரேக் உள்ள வண்டியென்றால், தினமும் தொட்டியில் சேரும் தண்ணீரைத் திறந்து விட வேண்டும், முள் சரியான அளவுக்கு ஏறும்வரை வண்டியை அசைக்கக் கூடாது. ஒடுக்கமான பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் இடம் விட வேண்டும். 2021 மார்ச் 20ஆம் திகதி பசறை லுணுகலைப் பாதையில் 13ஆம் கட்டைப் பக்கம் பஸ் பள்ளத்தில் விழுந்ததையும், 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல வெல்லவாயப் பாதையில் நடந்ததையும் நாம் மறக்க முடியாது. இரண்டிலும் பத்துப் பேருக்கு மேல் செத்துப் போனார்கள். அந்தப் பாதைகளில்தான் நாமும் தினம் போய் வருகிறோம்.

சரக்குக்கும் மரியாதை உண்டு. கொழுந்தை இறுக்கி அமுக்கினால் சூடேறிச் சிவந்து போகும், ஸ்டோரில் நல்ல தூள் வராது. கொழும்புக்குப் போகிற தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், கருவாடு ஏற்றிய லொறியைக் கழுவாமல் தேயிலை ஏற்றக் கூடாது. தறப்பாளில் ஓட்டை இருந்தால் அன்றைக்கே தைக்க வேண்டும். கொழுந்தோடு வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே நாற்பது வயதில் வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை.

இளசுகளுக்கு வேகம் இருக்கிறது. நமக்கு என்ன இருக்கிறது? பயம் இருக்கிறது. வீட்டில் காத்திருக்கிறவர்களின் முகம் கண்ணுக்குள் இருக்கிறது. அந்தப் பயம்தான் நம்முடைய முதல். ஆனால் சாராயம் உள்ளே போனால் அந்தப் பயம் வெளியே போய்விடும். குடிக்கிற பழக்கத்தை விட முடியாதவர் தயவுசெய்து இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். நித்திரை வந்தால் ஓரமாக நிறுத்தித் தூங்குங்கள். முதலாளி ஏசுவார், ஏசட்டும்.

கடைசியாக ஒன்று. லைசென்ஸ் கிடைத்த கையோடு லீசிங்கில் சொந்த லொறி எடுக்க ஓடாதீர்கள். 2022இல் டீசல் இல்லாமல் வரிசையில் நாலு நாள் லொறிக்குள்ளேயே படுத்திருந்தேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்து பாதைகள் அடைபட்டபோது, லொறிகள் ஓடாமல் நின்றன. ஓடாத லொறிக்கும் தவணை கட்டத்தான் வேண்டும். எனக்குத் தவணை இல்லை, வீட்டில் மனைவியின் பேர் இருந்தது, ஆகவே அடுப்பு எரிந்தது. பணிக்கொடைக் காசை முற்பணமாகக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கும்.

எனக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிப் பல வருஷமாகிவிட்டது. இன்னும் ஓட்டுகிறேன். அந்த மேட்டு லயத்துத் தம்பி போன கிழமை பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டிலும் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். ஓர் எழுத்து வித்தியாசம். அதைத் திருத்துவதற்குத்தான் நாளைக்கு இரண்டு பேரும் பதுளை டவுனுக்குப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் காலையில் ஆறரைக்குக் கோயிலடிக்கு வாருங்கள். காகிதங்களை மறக்காமல் கொண்டு வாருங்கள்.