இடமும் பணமும் ஒருங்கே வரவேண்டும்

 

அயல்நாட்டில் உயர்கல்வி பெறுவது குறித்துப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். நான் கடல் கடந்து படித்தவனல்லன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியன். ஆயினும், அந்த நெடும்பயணம் பள்ளி அலுவலக மேசையிலேயே தொடங்குகிறது என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவன்.

அண்ணல் அம்பேத்கர் வரலாற்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையுடன் அவர் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், உதவித்தொகையின் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடையிலே நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. அறிவு குறைந்ததாலா திரும்பினார்? இல்லை, பணம் நின்றதால் திரும்பினார்! பின்னர்ப் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பொருளோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவியோடும், நண்பரிடம் பெற்ற கடனோடும் 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். இடம் ஒரு காலத்திலும் பணம் வேறொரு காலத்திலும் வருவதே நம்மவர்க்கு நேரும் இடர் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. இங்கு நாம் காணும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு இங்கிலாந்தின் முதுகலைச் சேர்க்கையில் இல்லை. மதிப்பெண் பட்டியல், தான் கற்க விரும்புவது யாது, எதற்காக என்று மாணவர் தம் சொந்த நடையில் எழுதும் கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வின் முடிவு ஆகியவற்றை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே ஆராய்கிறது. செப்டம்பரில் தொடங்கும் வகுப்பிற்கு ஏறத்தாழ ஓராண்டிற்கு முன்பே விண்ணப்பிக்கத் தொடங்கிவிட வேண்டும். இடம் கிடைத்த பின்னரும், பல பல்கலைக்கழகங்கள் குறித்த நாளுக்குள் முன்பணம் கேட்கின்றன. சொந்தப் பணத்தில் செல்வோர், விசாவிற்காக உரிய தொகையைத் தொடர்ந்து 28 நாள்கள் வங்கிக் கணக்கில் வைத்திருந்ததாகக் காட்ட வேண்டும். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கும் ஓராண்டு வாழ்க்கைச் செலவிற்கான பணத்தை முன்கூட்டியே காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ என உயர்த்தப்பட்டது.

நம் மாணவர்க்கு அரசின் கதவு அடைக்கப்படவில்லை. நடுவணரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையில் உள்ள 125 இடங்களுள் 115 பட்டியல் சாதியினர்க்குரியவை. ஆனால், 2025இல் 106 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டும், முதற்கட்டமாக 40 பேருக்கே ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. எஞ்சியோர் நிதியை எதிர்நோக்கிக் காத்திருக்குமாறு கூறப்பட்டனர். அரசாணை காத்திருக்கலாம், பல்கலைக்கழகம் காத்திருக்குமா?

ஒரு நிகழ்ச்சியை மனவேதனையுடன் கூறுகிறேன். என்னிடம் பயின்ற கூலித் தொழிலாளியின் மகள் ஒருத்திக்கு இங்கிலாந்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்தது. அவள் பெயரின் ஆங்கில எழுத்துகள் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும், கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருந்தன. அதைத் திருத்திப் பெறுவதற்குள் இரண்டு மாதங்கள் கழிந்தன. உதவித்தொகை விண்ணப்பம் தாமதமாயிற்று. முன்பணம் கட்டும் நாளும் கடந்துவிட்டது. மறு ஆண்டு முயல வீட்டார் இசையவில்லை. அந்தச் சான்றிதழைச் சரிபாராமல் கையொப்பமிட்டவன் நானே. அக்கையொப்பம் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே, இரு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். ஆசிரியப் பெருமக்களே, பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன் ஒவ்வொரு குழந்தையின் பெயரையும், தலைப்பெழுத்தையும், பிறந்த நாளையும் பெற்றோரை அருகில் அமர்த்திச் சரிபாருங்கள். சங்கப் பெரியோர்களே, இவ்வெள்ளி விழாவின் நினைவாகச் சுழல்நிதி ஒன்றைத் தொடங்குங்கள். இடம் பெற்ற மாணவர்க்கு முன்பணத்தை வட்டியில்லாக் கடனாக அது வழங்கட்டும். பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்தபின் அவர் திருப்பிச் செலுத்தட்டும். அப்பணம் அடுத்த மாணவரைக் கரை சேர்க்கட்டும்.

அண்ணலுக்கு 1917இல் வந்த இடையூறு நம் தெருப் பிள்ளை எவர்க்கும் இனி வாராதிருக்கட்டும்.