கஷாயம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்



பொன்விழா ஆண்டில் நாட்டு மருந்து பற்றிப் பேச எங்களை அழைத்த நிர்வாகத்தினருக்கு நன்றி. நாங்கள் வைத்தியர்கள் அல்ல. மருந்துச் சரக்கு விற்கும் கடைக்காரர்கள். கடையில் கற்ற ஒன்றைத்தான் சொல்ல வந்தோம்.

நீர்க்கடுப்பு என்றால் நம் நன்னிமார் கைவசம் மருந்து வைத்திருந்தார்கள். நெருஞ்சில் முள்ளை நசுக்கி, தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்க வைப்பார்கள். கல்லடைப்புக்குச் சிறுபீளை, உடம்பில் நீர் கோத்தால் மூக்கிரட்டை, நீர்முள்ளி. பார்லிக் கஞ்சியும் வாழைத்தண்டும் எல்லா வீட்டிலும் உண்டு. இங்கு வந்தபின் மலாய்ச் சகோதரர்களிடமிருந்து மிசாய் கூச்சிங் பழகினோம். பூவின் நீண்ட இழைகள் பூனை மீசை போல இருப்பதால் வந்த பெயர் அது.

இவற்றில் பெரும்பாலானவை சிறுநீரைப் பெருக்கும் என்று சொல்லித்தான் கொடுக்கப்பட்டன. கஷாயத்தோடு உள்ளே போகும் தண்ணீரே பாதி மருந்து. நோன்புக் காலத்தில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே போதிய தண்ணீர் குடிக்காதவர்களுக்குச் சிறுநீர் கடுப்பதும் அதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், "தம்பி, கால் வீங்குது, நீர் சரியாப் போகல. நெருஞ்சிலும் சிறுபீளையும் கட்டு" என்றார். கட்டிக் கொடுத்தோம். "வாழைத்தண்டுச் சாறும் குடிங்க மாமா" என்று யோசனையும் சொன்னோம். மூன்று வாரம் கழித்து அவர் மகன் வந்தார். அத்தாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, நெஞ்சு படபடத்து, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நெடுநாள் நீரிழிவால் சிறுநீரகம் முன்பே பழுதாகியிருந்தது. மகன் எங்களைத் திட்டவில்லை. "இனிமே கேட்டுட்டுக் கொடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் பிழைத்தார். அந்தச் சொல் மட்டும் எங்களை விடவில்லை.

நல்ல சிறுநீரகம் மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும், பழுதானதால் முடியாது. வாழைத்தண்டு, இளநீர், மிசாய் கூச்சிங் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அதை ஏற்றும். பெலிம்பிங் எனும் நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. நிற்காத விக்கலும் மனக்குழப்பமும் வரும், உயிரும் போகலாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தனர். ஒரு மூலிகைக்குப் பதில் ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடி கலந்துவிட்டதே காரணம். மூலிகைதானே, என்ன செய்யும் என்று இனியும் நாம் சொல்லக்கூடாது.

இப்போது எங்கள் கடையில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். நீரிழிவோ ரத்த அழுத்தமோ உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பதில் தெரியாவிட்டால் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போகச் சொல்கிறோம். காய்ச்சலோடு விலாவலி, சிறுநீரில் ரத்தம், நீர் அடைப்பு என்றால் பொட்டலமே கட்டுவதில்லை. வியாபாரம் கொஞ்சம் குறைந்தது; தூக்கம் நன்றாக வருகிறது.

சிறுநீரகம் கெடும்போது தொடக்கத்தில் வலிக்காது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் அத்தா, உம்மாவிடம் அந்த மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.