வேகக் கப்பல்கள்



"கப்பல், பஸ் வேகத்தில் போகுமா, சார்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். சரக்குக் கப்பல் போகாது. ஆனால் 1935-ஆம் ஆண்டில், 'லெ தெரிபிள்' என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் 45 நாட் வேகத்தை எட்டியது. அதாவது மணிக்கு 83 கிலோமீட்டர்! அதன் நீளமோ 132 மீட்டர்.

மத்தியதரைக் கடலில் பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் கடும் போட்டி. பெரிய போர்க்கப்பல்களுக்கு 1922-இல் வாஷிங்டன் உடன்படிக்கை வரம்பு கட்டிவிட்டது. ஆகவே பிரான்ஸ், பெரிய, வேகமான நாசகாரிகளைக் கட்டத் தொடங்கியது. மொத்தம் 32. முதல் ஆறுக்கும் புலி, சிறுத்தை, குள்ளநரி என்று விலங்குகளின் பெயர்கள்தாம்!

வேகம் சும்மா வருவதில்லை. தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். வேகம் சிறிது கூடினாலும் எரிஎண்ணெய் மிக அதிகமாகச் செலவாகும். கப்பலின் வயிற்றில் பெரும்பகுதியைக் கொதிகலன்களும் இயந்திரங்களும் அடைத்துக்கொள்ளும். ஆயுதமும் எண்ணெயும் முழுதாக ஏற்றிய பிறகு, சோதனையில் கண்ட வேகம் வராது.

இத்தனை பாடுபட்டுக் கட்டியவற்றில் பல, எதிரியைத் துரத்தி அழியவில்லை. 1942 நவம்பர் 27-ஆம் நாள், ஜெர்மன் படை தூலோன் துறைமுகத்தில் நுழைந்தபோது, பிரெஞ்சு மாலுமிகளே தங்கள் கப்பல்களை மூழ்கடித்தார்கள். மாலுமிக்கு அதைவிடக் கொடுமை உண்டா?

அதே ஆண்டு பிப்ரவரியில், பசிபிக் கடலில் வேறொரு காட்சி. 'லெ தெரிபிள்' கப்பலின் உடன்பிறப்பான 'லெ திரியோம்ஃபான்' நவுரு தீவுக்குப் போயிற்று. நம் தோட்டங்களில் போடுகிறோமே பாஸ்பேட் உரம், அதற்கான கல்லை அப்போது வெட்டி எடுத்துவந்த தீவு அது. ஜப்பானிய விமானங்கள் ஏற்கெனவே குண்டு வீசியிருந்தன. மெதுவான கப்பல் போனால் தப்புவது அரிது. அந்த வேகக் கப்பல் வெள்ளையர்களையும் நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

சீனரில் ஒரு பகுதியினர் கரையிலேயே நின்றார்கள். தீவின் சொந்த மக்களும் அங்கேயே தங்கினார்கள். ஆகஸ்டில் ஜப்பானியர் தீவைப் பிடித்தனர். 1943-இல் நவுரு மக்கள் 1,200 பேரை ட்ரக் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரியில் ஊர் திரும்பியவர்கள் எழுநூற்றுச் சொச்சம் பேர்.