இசைத் தொகுப்பும் நம் வீட்டுப் பாட்டும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசைத் தொகுப்புகளைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தனர். இசையிலக்கணம் பயின்றவரல்லோம்; கேட்டு மகிழ்வதே எமக்குத் தெரிந்த கலை. பிழை இருப்பின் பொறுத்தருள்க.

‘ஆல்பம்’ என்னும் சொல்லை இன்று குழந்தைகளும் அறிவர். அது பாட்டுக்கு வந்த கதை சுவையானது. பழைய இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 சுற்று சுழலும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அளவே பாடும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, உறைகளைப் புத்தகம்போல் கட்டி விற்றனர். அக்கட்டுக்கே ஆல்பம் என்று பெயர். 1948-இல் அமெரிக்காவில் நெடுந்தட்டு தோன்றிய பின், புத்தகம் முழுவதும் ஒரே தட்டில் அடங்கிற்று. பெயர் மட்டும் நிலைத்தது.

எனினும், பாட்டைத் தொகுத்தல் நமக்கு மேனாட்டார் கற்பித்த பாடமன்று. தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை இராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி மீட்டுத் தொகுத்த வரலாற்றை நாம் அறிவோம். சொற்கள் கிடைத்தன, பண்கள் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டே பண்களை வகுத்தனர் என்று புராணம் கூறும். ஏடு காக்கத் தவறியதை ஒரு பெண்ணின் குரல் காத்தது.

எங்கள் சத்தியவேட்டுக்கு அருகிலுள்ள திருமலையிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளை அவர் வழியினர் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலின் ஓர் அறையில் வைத்தனர். நெடுங்காலம் அவை எவரும் பாடாமல் கிடந்தன. சென்ற நூற்றாண்டில் வெளிவந்து அச்சேறின. செப்பேட்டில் இராகத்தின் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்கள் புதிதாக மெட்டமைத்தனர். பின்னர்த் தேவஸ்தானத்தின் முயற்சியால் திருமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் குரலில் அவற்றுட் சில இசைத்தட்டுத் தொகுப்பாகி இல்லந்தோறும் புகுந்தன. செம்பு சொல்லைக் காத்தது, குரலைக் காக்கவில்லை.

குரலைக் காக்கும் கருவி நம் நாட்டிற்கு வந்தது அண்மையில்தான். 1902-இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியார் முதற்பதிவுகளைச் செய்தனர். அதன் வழிவந்த சரிகம நிறுவனமே 2017-இல் ‘கார்வான்’ என்னும் பெட்டியை வெளியிட்டது. அதன் தமிழ்ப் பெட்டியில் 5000 பாடல்கள். இடையில் வந்தது கேசட்டுக் காலம். காகிதத்தில் பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் 60 நிமிட ஒலிநாடாவில் பக்கத்திற்கு ஆறேழு பாட்டாகப் பதிந்து தருவார். அதுவரை கம்பெனியார் தம்மிடமுள்ள பதிவுகளிலிருந்து தொகுத்ததையே நாம் கேட்டோம். அந்நாள் முதல் நாமே தொகுப்பாசிரியர் ஆனோம். தொகுப்பாசிரியரின் பொறுப்பு மட்டும் எங்களுக்கு அன்று தெரியவில்லை.

அதனை நாணத்துடன் இங்கே கூறுகிறோம். சத்தியவேடு முன்னர்ச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1960-ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தில் ஆந்திரத்துடன் இணைந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. எல்லை மாறினும் எங்கள் ஆயாவின் பாட்டு மாறவில்லை. நடவுப் பாட்டில் ஓரடி தமிழாகவும் அடுத்த அடி தெலுங்காகவும் வரும். 1994-இல் எம் தந்தையார் அப்பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்தார். மேற்பதிவு ஆகாதிருக்க, அதன் முதுகிலுள்ள சிறு தகட்டையும் ஒடித்து வைத்தார். மறு ஆண்டு ஆயா காலமானார்.

சிறுவர்களாகிய எங்களுக்குப் புதிய சினிமாப் பாட்டுகளின்மேல் ஆசை; புதுக் கேசட்டு வாங்கக் காசில்லை. தகடு ஒடிந்த குழியில் காகிதம் ஒட்டினால் மீண்டும் பதியலாம் என்பதைக் கற்றிருந்தோம். ஒட்டினோம், கடையில் கொடுத்தோம், பன்னிரண்டு பாட்டுகளுடன் திரும்பி வந்தோம். தந்தையார் அதனை இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டார். அடிக்கவில்லை. “அதில் ஆயா இருந்தார்களடா” என்று மட்டும் கூறினார். அந்தப் பன்னிரண்டு பாட்டுகளும் இன்று எங்கும் கிடைக்கின்றன. ஆயாவின் பாட்டு எங்கும் இல்லை.

அன்பர்களே! தொகுப்பில் சேர்ந்தது வாழ்கிறது, சேராதது மறைகிறது. விற்பனைக்கு உதவும் பாட்டைக் கம்பெனியார் காப்பர். நம் பாட்டிமாரின் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் நாமன்றி யார் காப்பர்? நம்பிக்குக் கிட்டாத கருவி இன்று நம் சட்டைப் பையில் கைப்பேசியாக இருக்கிறது.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவிற்குள் குடும்பத்திற்கு ஒரு பாட்டேனும் பெரியோர் குரலில் பதிந்து தாருங்கள். பாடியவர் பெயர், ஊர், பாடும் சமயம், பதிந்த நாள் ஆகிய நான்கையும் உடன் எழுதுங்கள். இரயில்வே எழுத்தர் என்ற முறையில் நாங்கள் அறிந்தது ஒன்று: முகவரிச் சீட்டில்லாத பார்சல் உரியவரைச் சேராது. ஒரு படி உங்களிடமும் ஒரு படி சங்கத்திலும் இருக்கட்டும். தெலுங்கு கலந்திருந்தால் நீக்க வேண்டா. பாடியவர் வாயில் வந்தவாறே இருக்கட்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் இம்முறையே தொடங்குக. பாட்டிமார் காத்திருப்பர், காலம் காத்திராது.