மெய்நிகர் உலகில் ஓர் அடி



1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு நோயைப் பற்றி விரிவாக எழுதினார். இன்று அவர் பெயரால் வழங்கும் அந்நோயைத் தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். இப்பெயர் நோயின் ஒரு கூற்றையே சுட்டுகிறது. மூளையில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் இயக்கம் மெலிகிறது, அடி குறுகுகிறது, வாசற்படியிலும் திரும்பும் இடத்திலும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. நடுக்கமே இல்லாத நோயாளரும் உளர். 'கைதான் நடுங்கவில்லையே' என்று குடும்பத்தார் காலம் தாழ்த்தினால், அப்பிழையில் பெயருக்கும் பங்குண்டு.

தானாக எழாத அந்த அடி, புறத்தே ஒரு குறிப்புக் கிடைத்தால் பலருக்கு எழுகிறது. தரையில் குறுக்குக் கோடுகள் இட்டால் அவற்றைத் தாண்டி நடப்பர். தாளம் ஒலித்தால் அதற்கேற்பக் கால் வைப்பர். மெய்நிகர்ப் பயிற்சி இவ்வுண்மையின்மேல் எழுந்தது. நடைப்பொறியில் நடப்பவர் முன்னே திரையில் ஒரு பாதை விரியும், தடை எதிர்ப்படும், உரிய நேரத்தில் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும்.

ஐந்து நாடுகளில் 302 முதியோரிடம் நிகழ்ந்த ஆய்வொன்று 2016இல் 'தி லான்செட்' இதழில் வெளிவந்தது. அவர்களுள் பார்க்கின்சன் நோயாளரும் இருந்தனர். ஆறு வார மெய்நிகர்ப் பயிற்சிக்குப் பின், ஆறு மாதத்திற்குச் சராசரி பன்னிரண்டாக இருந்த வீழ்ச்சிகள் ஆறாகக் குறைந்தன. நடைப்பொறியில் மட்டும் பயின்றோரிடம் அத்தகைய தெளிவான குறைவு இல்லை. எனினும் இப்பயிற்சி நோயைத் தீர்ப்பதன்று, மருந்துக்கு மாற்றுமன்று.

எந்திரத் துணையுடன் கூடிய மறுவாழ்வு ஈப்போவுக்குப் புதிதன்று. மேரு ராயாவில் சொக்சோவின் மறுவாழ்வு மையத்தில் ரோபோக் கருவிகள் பயன்படுகின்றன. மெய்நிகர்ப் பயிற்சியும் பரவும்போது, மொழியியலார் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. திரையின்முன் நிற்கும் நம் முதியவருக்குக் குறிப்பு எம்மொழியில் ஒலிக்கும்?

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். தோட்டப் பள்ளியில் அவர் கற்றது தமிழ் மட்டுமே. இந்நோயாளர் நடக்கும்போது இன்னொரு செயலிலும் கவனம் செலுத்த நேர்ந்தால் நடை தளரும் என்பது ஆய்வுகள் கண்டது. பழகாத மொழியில் வரும் கட்டளையைப் புரிந்துகொள்வதும் அத்தகைய இன்னொரு செயலே. அடிக்குத் துணையாக வந்த சொல் அடிக்குச் சுமையாகிவிடும்.

மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா? 'தங்கள் இடது பாதத்தை முன்னோக்கி நகர்த்தவும்' என்பது தமிழ்தான். ஆனால் வினை இறுதியில் வருவதால், அவ்வாக்கியம் முடிவதற்குள் தடை காலடிக்கு வந்துவிடும். 'வை' என்பது விரைவானது. எனினும் பெரியவரை அவ்வாறு ஏவுதல் நம் மரபன்று. 'வையுங்கள்' என்றால் அசை மிகும். வினையையே விட்டு, 'இடம், வலம்' என்று தாளத்தோடு சொன்னால் சுருக்கமும் நிற்கும், மதிப்பும் குறையாது.

காட்சியும் அவ்வாறே. அயல்நாட்டு வீதிக்கு மாற்றாக இரப்பர் நிரையும், தாண்ட வேண்டிய கானும் திரையில் விரிந்தால், விடியுமுன் மரத்துக்கு மரம் நடந்த கால்கள் எளிதாக எழுமா? இது ஆய்ந்து பார்க்கத்தக்கது.

மாணவர்களே, தமிழில் மெய் என்பது உண்மை; உடலும் அதுவே. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'கால் பின்னுது', 'கால் எழும்ப மாட்டேங்குது' என்று சொல்லும் சொற்களைக் கேட்ட வண்ணமே எழுதி வையுங்கள். அவற்றை இயன்முறை மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். நோயை முன்னதாக அறிவதற்கும், பயிற்சியை நம் மொழியில் அமைப்பதற்கும் அச்சொற்களே தொடக்கமாகும்.